முதலிடம் பிடித்த சண்டை

மதியச் சாப்பாடு முடிந்து டப்பாக்களைக் கழுவிக் கவிழ்த்ததும், அந்தத் தொலைக்காட்சி நிலையத்தில் பாதிப் பேர் உடை அறைக்கு வந்துவிடுவார்கள். அங்கே சுவரில் ஒரு பழைய டி.வி. மாட்டியிருந்தது. மற்ற அறைகளில் உட்கார்ந்து பார்த்தால் யாராவது அதிகாரி முறைப்பார். டெய்லரக்கா முறைக்க மாட்டாள். தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே, "சத்தத்த வேணா கூட்டிக்குங்க, கீழ ஊசி கிடந்தா மட்டும் பாத்து எடுத்து வைங்க" என்பாள்.

அன்றும் அப்படித்தான் கூடியிருந்தார்கள். மேக்கப் போடுகிற அம்மா, லைட்காரர், கேன்டீன் நடத்துகிறவர். 'செம்பருந்து' தொடர் ஆரம்பித்து அது இருபத்தைந்தாவது வருஷம். அதைக் கொண்டாட, நேயர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த பத்துச் சண்டைகளை நாளுக்கு ஒன்றாக மறுபடி ஒளிபரப்பிக்கொண்டிருந்தார்கள். பகலில் தபால் பிரிக்கும் குமாஸ்தா, எங்காவது அபயக் குரல் கேட்டால் சிவப்பு உடுப்பும் முகமூடியும் மாட்டிக்கொண்டு பறந்து வருகிற வீரனாகிவிடுவான். இன்று முப்பது நாற்பது வயதில் இருக்கிறவர்கள் யாரை எழுப்பிக் கேட்டாலும் அந்தத் தொடரின் ஆரம்பப் பாட்டை அடி பிசகாமல் பாடுவார்கள்.

"சோப்பு ஃபேக்டரி சண்டைக்குப் பத்தாவது இடம்தானாம். ஓட்டுப் போட்டவனுக்கெல்லாம் கண்ணு இருக்கா இல்லையா" என்று கேன்டீன்காரர் நொந்துகொண்டார். "ஒம்பது ரவுடி. தரையெல்லாம் சோப்பு நுரை. ஒருத்தனாலயும் எழுந்து நிக்க முடியல. அவனுங்க வழுக்கி வழுக்கி அவனுங்களையே அடிச்சுக்கிட்டானுங்க."

"அத விடுங்க. லிஃப்ட் சண்டைய மிஞ்ச முடியுமா?" என்றார் லைட்காரர். "கதவு மூடிடும். உள்ள நடக்குறதக் காட்டவே மாட்டான். சத்தம் மட்டும்தான். ஆறாவது மாடில கதவு திறந்தா நாலு பேரும் கவுந்து கிடப்பானுங்க. இவரு கையுறையச் சரி பண்ணிக்கிட்டு வெளில வருவாரு."

"எது எப்படியோ, முதலிடம் தொட்டிச் சண்டைக்குத்தான்" என்றாள் மேக்கப் அம்மா. அதில் யாருக்கும் மறுபேச்சு இல்லை. உயரமான தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் செம்பருந்தும் வில்லனும் கட்டிப் புரள்வார்கள். வில்லன் எட்டி உதைப்பான். செம்பருந்து அந்தரத்தில் மல்லாந்து விழுவார். தரையை நெருங்குகிற நேரத்தில் உடம்பை ஒரு சுழட்டுச் சுழட்டுவார் பாருங்கள், அந்த ஒரு நொடிக்காகவே அதை ஆயிரம் தடவை பார்த்தவர்கள் உண்டு.

மெஷின் நின்றது. நூல் அறுந்திருந்தது. டெய்லரக்கா ஊசிக் காதில் நூலைக் கோக்க மூன்று தடவை முயன்றாள்.

"அக்கா, செம்பருந்துக்கு டிரெஸ் தச்சவங்களே நீங்கதான். உங்களுக்கு எந்தச் சண்ட பிடிக்கும்? ஒரு நாளும் சொன்னதில்லையே" என்று லைட்காரர் கேட்டார்.

"எனக்குச் சண்டையே பிடிக்காதுப்பா" என்று சொல்லிவிட்டு, கண் கழுவப் போகிறவள்போல் எழுந்து வெளியே போனாள்.

அவள் திரும்பி வந்தபோது அறை காலியாகியிருந்தது. மேஜைமேல் சிவப்புத் துணிச் சுருள் ஒன்று கிடந்தது. பக்கத்தில் மேனேஜர் நின்றிருந்தார். நல்ல மனிதர்தான். யாரையும் அதட்டிப் பேச மாட்டார். ஆனால் சிரித்துக்கொண்டே தன் காரியத்தை முடித்துக்கொள்வார்.

"டெய்லரம்மா, ஒரு சந்தோஷமான விஷயம். விழா மேடையில தொட்டிச் சண்டைய ஜனங்க கண்ணு முன்னாடி நேரடியா நடத்தப்போறோம். மேடையிலயே தொட்டி செட்டு. ரெண்டு மாடி உயரம். புது டூப் ஒருத்தரப் பிடிச்சாச்சு. பழைய அளவுத் தாள் உங்ககிட்டத்தான் இருக்குமாமே."

இருந்தது. அலமாரியின் அடித்தட்டில், யாரும் கை வைக்காத இடத்தில்.

டெய்லரக்கா துணியைத் தொட்டுப் பார்த்தாள். அதே சிவப்பு. இருபத்து நாலு வருஷமாக அவள் அந்த நிறத் துணியில் தனக்கென்று ஒன்றும் தைத்துப் போட்டுக்கொண்டதில்லை.

செம்பருந்தாக நடித்த ஹீரோ நாற்காலியிலிருந்துகூடக் குதித்தவரில்லை. பாய்ந்தது, உருண்டது, கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்தது எல்லாம் அவருக்கு டூப் போட்டவன்தான். நின்ற இடத்திலேயே குட்டிக்கரணம் அடிப்பான் என்பதால் அவனுக்குப் பல்டி என்றே பெயர் நிலைத்துவிட்டது. அப்போது அவனுக்கு இருபத்தாறு வயது, அவளுக்கு இருபத்தெட்டு. கிழிந்த உடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நிற்பான். "அக்கா, செம்பருந்துக்குப் பின்பக்கம் கிழிஞ்சிடுச்சு. உலகத்துக்கு ஆபத்து வர்றதுக்குள்ள ஒரு தையல் போட்டுக் குடுங்க" என்பான்.

டூப்பின் உடுப்புக்குள் முதுகிலும் இடுப்பிலும் தடித்த ஸ்பாஞ்சு வைத்துத் தைப்பது வழக்கம். யூனிட்டில் அதற்குப் 'பேட்' என்று பெயர். விழுகிற அடியை அதுதான் வாங்கிக்கொள்ளும். தொட்டிச் சண்டை எடுத்த அன்று டைரக்டர் கேமராவில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "ஹீரோ ஒல்லியா இருக்காரு, இவன் தலையணைய முழுங்கின மாதிரி இருக்கான். அந்தப் பேட எடுத்துடுங்க" என்றார்.

"சார், மேல இருந்து விழுற சீனாச்சே" என்று அவள் கேட்டாள். ஒரே ஒரு தடவை.

"கீழ அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கும்மா. உங்க வேலையப் பாருங்க."

அவள் தன் வேலையைப் பார்த்தாள். கத்தரிக்கோலால் தையலைப் பிரித்து, தன் கையாலேயே அந்தப் பேட்களை ஒவ்வொன்றாக உருவினாள். பல்டிகூட, "அப்பாடா, இன்னிக்கு வேர்க்காது" என்று சிரித்துக்கொண்டுதான் மாட்டிக்கொண்டு போனான். அடியில் மூன்று வரிசை அடுக்க வேண்டிய அட்டைப்பெட்டியை, கேமராவில் விளிம்பு தெரிகிறது என்று இரண்டு வரிசையாக்கியிருந்தார்கள் என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. அவன் விழுந்தான். எழுந்திருக்கவில்லை. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது, மறுபடி எடுக்க ஆளும் இல்லை. அதனால் அந்த ஷாட்டையே தொடரில் வைத்துவிட்டார்கள்.

மறுநாள் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வார்டு வாசலில் பல்டியின் மனைவி தரையில் உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகி எட்டு மாதம். அவள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் டெய்லரக்கா திரும்பி நடந்தாள். பிறகு அந்தப் பக்கமே போகவில்லை; இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் வீட்டோடு கிடக்கிறான் என்று மட்டும் காதில் விழுந்தது. நாளைக்குப் போகலாம், அடுத்த வாரம் போகலாம் என்று தள்ளிப்போட்டதில் வருஷங்கள் ஓடிவிட்டன. இனி எந்த முகத்தோடு போவது என்று ஆகிவிட்டது.

மூன்று நாள் கழித்துப் புது டூப் அளவு கொடுக்க வந்தார். முப்பத்து மூன்று வயது. ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். சட்டையைக் கழற்றி நிற்கும்போதே பேச்சை ஆரம்பித்துவிட்டார்.

"மேடம், எனக்கு ஒம்பது வயசு இருக்கும்போது இந்தத் தொட்டிச் சண்டையப் பாத்தேன். அன்னிக்கு முடிவு பண்ணேன், நானும் ஒரு நாள் இப்படி விழணும்னு."

"கையத் தூக்குங்க தம்பி."

"அந்தக் கடைசிச் சுழட்டு இருக்கு பாருங்க. ஒவ்வொரு ஃப்ரேமா நிறுத்தி நிறுத்திப் பாத்துட்டேன். எதுக்குச் சுழட்டுறாரு, எந்த நேரத்துல ஆரம்பிக்கிறாரு, ஒண்ணுமே பிடிபடல. மல்லாந்து விழுறவன் மல்லாந்தே விழுந்தாத்தான் பாதுகாப்பு. அவரு அதையும் மீறி ஒண்ணு பண்ணாரு. பெரிய கலைஞர் மேடம். பேருகூடத் தெரியல. செத்துட்டாருன்னு சொல்றாங்க."

அளவு நாடா டெய்லரக்காவின் கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுத்துக்கொண்டாள். உயிரோடுதான் இருக்கிறான் என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் அதைச் சொன்னால் அடுத்ததையும் சொல்ல வேண்டும். "இடுப்பு முப்பத்திரெண்டு" என்று சொல்லிக்கொண்டே நோட்டில் எழுதினாள்.

அவர் போன சற்று நேரத்தில் மேனேஜர் எட்டிப் பார்த்தார். "பேடெல்லாம் வேண்டாம்மா. இப்ப வர்ற கேமராவுல சட்டையில ஒரு சுருக்கம் இருந்தாலும் தெரிஞ்சுடும். ஒல்லியா, சிக்குன்னு இருக்கணும்."

"கீழ என்ன போடுறீங்க?"

"மேடையில குழி வெட்டி மெத்த போட்டிருக்கு. நீங்க ஏன் அதப் பத்திக் கவலப்படுறீங்க?"

அன்று ராத்திரி சாப்பிடும்போது வீட்டில் இதைச் சொன்னாள். அவள் கணவர் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "உனக்கு எதுக்கு இந்த வம்பு? ரிட்டயர் ஆக மூணு வருஷம் இருக்கு. பேசாம தச்சுக் குடுத்துட்டு வா" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை என்றுதான் அவளுக்கும் பட்டது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காலையில் சண்டைக் கலைஞர்கள் சங்கத்துக்கு ஃபோன் போட்டாள். "பல்டியா? இருக்காரே. பஸ் டிப்போவுக்குப் பின்னால மூணாவது சந்து, கடைசி வீடு" என்றது ஒரு குரல். இருபத்து நாலு வருஷம் போகாத வீடு, அவள் வேலை செய்யும் இடத்திலிருந்து ஆறு ஸ்டாப்பிங் தூரத்தில் இருந்தது.

கதவு சாத்தாமல்தான் இருந்தது. ஜன்னலை ஒட்டி ஒரு இரும்புக் கட்டில். கட்டிலுக்கு மேலே உத்திரத்திலிருந்து ஒரு கயிறு தொங்கியது, பிடித்து எழுந்து சாய்வதற்காக. கட்டிலில் கிடந்தவனை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. தோள்கள் மட்டும் அகலமாக இருந்தன. இடுப்புக்குக் கீழே போர்வை ஏதோ சும்மா விரித்துப் போட்டதுபோல் தட்டையாகக் கிடந்தது.

அவன்தான் முதலில் பேசினான்.

"டெய்லரக்கா. உலகத்துக்கு ஆபத்தா?"

பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். வாங்கி வந்த ஆரஞ்சுப் பழப் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"அந்தப் பேட... நான்தான் பிரிச்சேன், பல்டி. என் கையாலதான்."

"தெரியும்க்கா. நானும் பக்கத்துலதானே நின்னேன்."

"நான் மாட்டேன்னு சொல்லிருக்கணும்."

"நானும் சொல்லிருக்கணும்." அவன் கயிற்றைப் பிடித்துக் கொஞ்சம் நிமிர்ந்து சாய்ந்தான். "உங்களுக்குத் தெரியாத ஒண்ணு சொல்லட்டா? மேல ஏறி நின்னதும் கீழ பாத்தேன். பெட்டி ரெண்டு வரிசைதான் இருந்துது. எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. கையத் தூக்கி நிறுத்துன்னு சொல்லிருக்கலாம். அத்தன பேர் அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. பயந்துட்டான்னு சொல்லுவாங்களேன்னு வெக்கமா இருந்துது. சமாளிச்சுடலாம்னு விழுந்தேன். விழும்போது பாத்தா, முதுகு போற இடத்துல பெட்டி இல்ல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஜனங்க ரசிக்கிறாங்களே, அந்தச் சுழட்டு," என்றான் பல்டி. "அது நான் பண்ணது இல்லக்கா. பெட்டியப் பிடிக்கலாம்னு உடம்பு தானா திரும்புச்சு. பிடி கிடைக்கல."

வெளியே டிப்போவில் ஒரு பஸ் உறுமி, அணைந்து, மறுபடி உறுமியது. அவள் அழுதுகொண்டிருந்தாள். அவன் அவளைத் தேற்றவில்லை. மூலையில் இருந்த டி.வி. பக்கம் திரும்பிக்கொண்டான். சத்தம் குறைத்து வைத்திருந்த அதில் நாலாவது இடம் பெற்ற குடைச் சண்டை ஓடிக்கொண்டிருந்தது. ரயில் நிலையத்தில் மழைக்கு ஒதுங்கிய கூட்டத்துக்கு நடுவே, செம்பருந்து ஒற்றைக் குடையை வைத்துக்கொண்டு ஆறு பேரைச் சமாளிக்கிற காட்சி.

"எனக்குப் பிடிச்சது இதுதான்" என்றான் பல்டி. "மூணு நாள் ஒத்திகை பாத்தோம். யாருக்கும் ஒரு கீறல்கூட விழல. முடிஞ்சதும் அடி வாங்குனவனுங்களும் நானும் ஒரே குடையில போய் டீ குடிச்சோம். சண்டன்னா அப்படி இருக்கணும்."

அப்போது அவன் மனைவி உள்ளே வந்தாள். ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை. கைகள் வெளுத்து, விரல் நுனிகள் சுருங்கியிருந்தன. ஸ்டூலில் இருந்தவளை ஒரு கணம் பார்த்தாள். யார் என்று கேட்கவில்லை.

"ஆஸ்பத்திரி வாசல்ல பாத்தேன் உங்கள" என்றாள். "நீல கலர் கைப்பை வச்சிருந்தீங்க. யாரோ இவருக்குத் தெரிஞ்சவங்க வர்றாங்கன்னு நான் எழுந்திருச்சேன். நீங்க திரும்பிப் போயிட்டீங்க."

டெய்லரக்கா மடியிலிருந்த பழப் பையை எடுத்துத் தரையில் வைத்தாள்.

"பேட எடுத்ததுக்குக்கூட நான் உங்க மேல கோவப்படலக்கா," என்றான் பல்டி, கண்ணை டி.வி.யிலிருந்து எடுக்காமல். "அந்த வாசலோட திரும்பிப் போனீங்க பாருங்க, அதுதான் இன்னிக்கு வரைக்கும் ஆறல. ஒருத்தருமே வரல. எல்லாரும் தொட்டிச் சண்ட நல்லா வந்திருக்குன்னு பேசிக்கிட்டாங்களாம்."

மேடையில் புதிதாக ஒருவர் விழப்போகிறார் என்பதை அவள் அப்போதுதான் சொன்னாள். பேட் இல்லாமல் தைக்கச் சொல்கிறார்கள் என்பதையும் சொன்னாள். பல்டி கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். "அவனுக்குப் பிள்ளைங்க இருக்கா?" என்று மட்டும் கேட்டான். தெரியாது என்றாள். அது அவளுக்கே அவமானமாக இருந்தது.

அன்று பிற்பகலே அவள் உடுப்பைத் தைத்து முடித்தாள். முதுகில் இரண்டு அடுக்கு, இடுப்பில் இரண்டு அடுக்கு. பிரித்தால் துணியே கிழிகிற மாதிரி நெருக்கமாகத் தையல் போட்டிருந்தாள். மேனேஜர் அதை விரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"எடுக்கச் சொன்னேனே."

"எடுக்க மாட்டேன் சார்."

"சரி விடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றார் அவர். குரலை உயர்த்தவே இல்லை. அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டதே என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. சந்தேகம் சரிதான். வெளியே ஒரு கடையில் புது உடுப்பு ஒன்று அன்றைக்கே தைக்கக் கொடுத்துவிட்டார்.

விழாவுக்கு முந்தின நாள் காலையில் முழு ஒத்திகை. அரங்கத்துக்குள் ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். மேடையில் தகரமும் பலகையுமாகத் தொட்டி நின்றது. பின்னால் பெரிய திரையில், நேரம் பார்த்துக்கொள்வதற்காகப் பழைய சண்டையைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு முறை முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு தடவையும் அந்த மனிதன் அந்தரத்தில் விழுந்து, சுழன்று, மறைந்தான்.

புது டூப் மேடைக்கு வந்தார். சிவப்பு உடுப்பு உடம்போடு ஒட்டிப் பிடித்திருந்தது. தூரத்திலிருந்து பார்த்தாலே டெய்லரக்காவுக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே ஒன்றும் இல்லை. அவர் ஏணியில் கால் வைத்தார்.

பேசாமல் இருந்தால் யாரும் அவளைக் குறை சொல்லப்போவதில்லை. தன் பங்குக்கு மாட்டேன் என்று சொல்லியாயிற்று. அவள் தைத்த உடுப்பும் இல்லை அது. இதையெல்லாம் நினைத்துக்கொண்டேதான் அவள் மேடைப் படியில் ஏறினாள்.

"தம்பி, ஏறாதீங்க. இறங்குங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். அரங்கமே திரும்பிப் பார்த்தது.

"உள்ள பேட் இல்ல. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் மேடம்" என்றார் அவர், தாழ்ந்த குரலில். "நான் மாட்டேன்னா வெளில இன்னொருத்தர் ரெடியா நிக்கிறாரு. பரவால்ல, நான் பாத்து விழுந்துக்கறேன்."

"அவனும் அப்படித்தான் நினைச்சான்." அவள் திரையைக் காட்டினாள். "அங்க விழுறவன் சாகல. பஸ் டிப்போவுக்குப் பின்னால இருபத்து நாலு வருஷமா படுத்த படுக்கையாக் கிடக்கான். அந்தச் சட்டையில இருந்து பேட எடுத்தவ நான். நீங்க ஃப்ரேம் ஃப்ரேமாப் பாத்தேன்னு சொன்னீங்களே, அந்தச் சுழட்டு, அது வித்தை இல்ல தம்பி. கீழ பெட்டி இல்லன்னு தெரிஞ்சு, எதையாவது பிடிக்க முடியுமான்னு பாத்திருக்கான்."

திரையில் அந்த மனிதன் மறுபடி விழுந்தான். புது டூப் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது வயதிலிருந்து பார்த்த காட்சி. இப்போது அதில் விரல்கள் விரிவது தெரிந்தது. ஒன்றுமில்லாத காற்றில் இரண்டு கைகளும் எதையோ தேடின. ஏணியிலிருந்து காலைக் கீழே வைத்தார்.

"அந்தப் படத்த நிறுத்துங்க" என்றார் யாரிடமோ.

மேனேஜர் வேகமாக வந்தார். "டெய்லரம்மா, இப்ப இதெல்லாம்..." என்று ஆரம்பிப்பதற்குள், செட் போட்ட தச்சர் மேடை ஓரத்திலிருந்து வாயைத் திறந்தார்.

"குழியும் ஆறடி அகலம்தான் சார் இருக்கு. நான் பத்தடி கேட்டேன். மேடையில டான்ஸ் ஆடுறவங்களுக்கு இடம் போதாதுன்னு குறைக்கச் சொன்னாங்க."

"இத ஏன் நீ முன்னாடியே சொல்லல?"

"யாரும் கேக்கல சார்" என்றார் தச்சர். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

புது டூப் கையுறையைக் கழற்றி ஏணிப் படியில் வைத்தார். "பேடும் பத்தடிக் குழியும் இருந்தா நான் விழறேன். இல்லன்னா இல்ல" என்றார். குழியை இனிப் பெரிதாக வெட்ட நேரமில்லை. விடிந்தால் விழா. வேறு ஆளைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். நடந்தது அதற்குள் வாய்க்கு வாய் பரவியிருந்ததால் அவரும் வரவில்லை.

மேடையில் தொட்டிச் சண்டை நடக்கவில்லை. அந்த இடத்தில் ஒரு நடனத்தைப் போட்டு நிரப்பினார்கள். ஜனங்களுக்கு ஒரே ஏமாற்றம். "இதுக்கா இத்தன நாள் விளம்பரம் பண்ணீங்க" என்று நிலையத்துக்கு ஃபோன் மேல் ஃபோன். புது டூப்பை அதற்குப் பிறகு அந்த நிலையம் எந்த வேலைக்கும் கூப்பிடவில்லை. அன்று அரங்கத்தை விட்டுப் போகும்போது அவர் டெய்லரக்காவிடம் ஒரு வார்த்தை பேசவும் இல்லை. சின்ன வயதிலிருந்து நெஞ்சில் வைத்திருந்த ஒன்றை அவள் உடைத்துவிட்டாளே, நன்றி சொல்ல அவருக்கு எப்படி மனசு வரும்?

அடுத்த வாரம் மேனேஜர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். இந்த மாதத்தோடு போதும் என்று சொல்வதற்கு அவருக்கே சங்கடமாக இருந்தது.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலையேம்மா. ஒண்ணுமே நடக்காததுக்கு எதுக்கு இவ்வளவு ரகளை பண்ணீங்க?"

"ஒண்ணும் ஆகலைல்ல சார்" என்றாள் அவள். "அதுக்குத்தான்."

அவர் காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

அன்று மாலை வெளிச்சம் இருக்கும்போதே பஸ் டிப்போவில் இறங்கினாள். வேலை போனதைச் சொல்லி ஆறுதல் தேடிப் போகவில்லை. நாளைக்குப் போகலாம் என்று தள்ளிப்போடுகிற பழக்கத்தை நிறுத்த வேண்டும் என்றுதான் போனாள். பல்டிக்கு நாலு நாளாகக் காய்ச்சல். படுக்கைப் புண் பழுத்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது. அவள் வந்தது அவனுக்குத் தெரிந்ததா என்பதே சந்தேகம்.

அவன் மனைவி அவளை உட்காரச் சொல்லவில்லை. "இவர ஒரு பக்கமாத் திருப்பணும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ. தனியா முடியல. அந்தப் பக்கம் பிடிங்க" என்றாள். டெய்லரக்கா பையைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலின் மறுபக்கம் போனாள். இருவரும் போர்வையோடு சேர்த்துப் பிடித்து, மெல்ல மெல்ல அவனைத் திருப்பினார்கள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். மனைவி ஒரு தலையணையை மடித்து அவன் முதுகுக்கு முட்டுக் கொடுத்தாள்.

"நடந்ததக் கேள்விப்பட்டேன்" என்றாள் அவள், தலையணையைச் சரி செய்துகொண்டே. "லாண்டரியில பேசிக்கிட்டாங்க. உங்க வேலையும் போயிடுச்சாம்."

"போகட்டும்."

"இவரு விழுந்த அன்னிக்கு அந்தத் தொட்டிக்குக் கீழ எண்பது பேர் இருந்தாங்களாம். டைரக்டர் கெட்டவரு, மத்தவங்கல்லாம் நல்லவங்கன்னு இத்தன வருஷம் நினைச்சுக்கிட்டிருந்தேன். அப்படி இல்ல. அந்த எண்பது பேருக்கும் ஏதோ ஒண்ணு தப்புன்னு தெரிஞ்சிருக்கு. அடுத்தவன் சொல்லட்டும்னு ஒவ்வொருத்தரும் நின்னிருக்காங்க, இவரையும் சேத்து." அவள் குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது. "எல்லாரும் பேசிருக்கணும்னு நான் கேக்கல. ஆபத்துன்னு கண்ணுக்குத் தெரிஞ்சப்ப, ஒரே ஒருத்தர் நிறுத்துங்கன்னு சொல்லிருந்தாப் போதும். என் புருஷன் நடந்து வீட்டுக்கு வந்திருப்பாரு."